வீட்டிலேயே பாட்டுப் பதிய என்ன கீபோர்டு, என்ன மைக் வாங்கலாம்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஓரளவு பாடுவீர்கள், கீபோர்டில் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடித்து வாசிக்கத் தெரியும், சில வருடம் பழகிய விண்டோஸ் லேப்டாப் ஒன்று இருக்கிறது, படுக்கையறையில் உட்கார்ந்து சொந்த மெட்டுகளைப் பதிய ஆசை. 61 கீயா 88 கீயா, கண்டென்சர் மைக்கா (மின்சாரம் கேட்கும், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை) டைனமிக் மைக்கா (மேடைகளில் காணும் முரட்டு வகை), யுஎஸ்பி மைக் போதுமா தனியாக இன்டர்ஃபேஸ் (மைக், வாத்தியத்தின் ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) வேண்டுமா என்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறீர்கள். கடைசியில், "மாதக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டேன், இன்னும் ஒன்றுமே வாங்கவில்லை" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். எது சிறந்தது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது என்றுதான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

வீட்டில் பதிந்து அனுப்பப்படும் குரல்களைச் சரிசெய்து மிக்ஸ் செய்வது பல வருடங்களாக என் தொழில். என்னிடம் வந்த குரல் பதிவுகளில் நான் தலையில் கைவைத்த இடங்களை நினைத்துப் பார்த்தால், மைக் மலிவானது என்பதால் கெட்டது மிகச் சொற்பம். அறை எதிரொலிப்பது, ஃபேன் ஓடுவது, பாடியவர் மைக்கை விட்டு எட்ட நின்றது, உச்சத்தில் சத்தம் உடைந்தது, இவைதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் என் அளவுகோல் எளிது: கீபோர்டை உங்கள் கையைப் பார்த்து வாங்குங்கள், மைக்கை உங்கள் அறையைப் பார்த்து வாங்குங்கள். பிராண்ட் அதற்கப்புறம். கீழே சொல்வதில் அளந்து பார்க்கக்கூடியதை உறுதியாகவே சொல்கிறேன். என் ருசி கலந்த இடங்களில் அது என் அபிப்பிராயம் என்றும் சொல்லிவிடுகிறேன்.

கீபோர்டில் முதலில் தெளிய வேண்டியது, கடையில் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கும் பெட்டிகள் எல்லாம் ஒரே பொருள் இல்லை என்பது. ஒன்று, ஸ்பீக்கர், ரிதம், நூற்றுக்கணக்கான ஒலிகள் எல்லாம் உள்ளேயே வைத்து வரும் கீபோர்டு. யமஹாவும் கேசியோவும் விற்பதில் பெரும்பகுதி இதுதான். சுவிட்சைப் போட்டால் வாசிக்கலாம். மற்றொன்று மிடி கன்ட்ரோலர். இதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவலை மட்டும் கணினிக்கு அனுப்பும். ஒலியை உண்டாக்குவது கணினியில் உள்ள மென்பொருள். புதிதாக வாங்கியவர்களில் பலர் முதல் நாள் "கீபோர்டு வேலை செய்யவில்லை, சத்தமே வரவில்லை" என்று பதறுவது இதனால்தான்.

மிடி என்பது கீபோர்டும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த ஏற்பாடு. இன்றுவரை அதன் அடிப்படை மாறாததால், முப்பது வருடப் பழைய கீபோர்டையும் இன்றைய மென்பொருளோடு பேச வைக்கலாம். ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஏதாவது கீபோர்டு தூசி படிந்து கிடந்தால், அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். சதுரமான யுஎஸ்பி துளையோ, ஐந்து ஊசி கொண்ட வட்டமான மிடி துளையோ இருந்தால், அதையே கன்ட்ரோலராக வைத்துக்கொண்டு முதல் சில மாதங்களை ஓட்டலாம். அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கு நீங்கள் கீபோர்டே வாங்க வேண்டாம். அந்தத் தொகை முழுவதும் குரல் பக்கம் போகட்டும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கீ எண்ணிக்கையைவிட முதலில் பார்க்க வேண்டியது அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிறதா என்பது. டச் ரெஸ்பான்ஸ் என்றோ வெலாசிட்டி என்றோ பெட்டியில் போட்டிருப்பார்கள். மிடியில் இது 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் போகிறது. ஆரம்ப நிலைக் கீபோர்டுகள் சிலவற்றில் இது இருக்கவே இருக்காது. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவில் கேட்கும். அதில் வாசித்துப் பதிந்த பியானோ, எவ்வளவு நல்ல மென்பொருளைப் போட்டாலும் தட்டச்சு இயந்திரம் போலத்தான் ஒலிக்கும். வசதி இருந்தும் உங்கள் கைக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு மெட்டை மென்மையாகத் தொடங்கிப் போகப் போக அழுத்தி வாசித்துப் பதிந்துவிட்டு, மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நிற்கும் வெலாசிட்டிக் கோடுகளைப் பாருங்கள். நீங்கள் மென்மை என்று நினைத்து வாசித்த இடத்திலும் கோடுகள் எல்லாம் 100-ஐத் தாண்டி நின்றால், விரலுக்கும் கீபோர்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் வெலாசிட்டி கர்வ் என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை மாற்றிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

கட்டைகளின் கனம் மூன்று தினுசு. வெறும் ஸ்பிரிங் வைத்தவை, ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடையும் சேர்த்தவை, பியானோ போலச் சுத்தியல் அமைப்பு வைத்தவை. பியானோ முறையாகக் கற்றவர், அல்லது கற்கப்போகிறவர் என்றால் 88 கீ, சுத்தியல் அமைப்பு என்று யோசிக்காமல் போகலாம். ஆனால் அது பெரும்பாலும் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். கட்டைகள் மட்டுமே ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் நீளம். மேசையில் அதை வைத்தால் லேப்டாப்புக்கு இடமிருக்காது. 61 கீ என்றால் கட்டைகள் 85 சென்டிமீட்டர் அளவில் அடங்கிவிடும். கார்டு பிடித்து மெட்டுப் போடுகிறவருக்கு 61 கீ, நடுத்தரக் கனம், முழு அளவுக் கட்டை என்பது என் அபிப்பிராயத்தில் சரியான இடம். 49 கீயும் மோசமில்லை. அகாய் எம்பிகே மினி போன்ற 25 கீ, சிறிய கட்டைக் கருவிகள் பையில் போட்டுக்கொண்டு போக, டிரம்ஸ் தட்ட, நினைவில் வந்த மெட்டைப் பிடித்து வைக்க அருமையானவை. இடது கையில் கார்டும் வலது கையில் மெட்டும் சேர்த்து வாசிக்க இரண்டு ஆக்டேவ் போதாது, அவ்வளவுதான்.

நம் பாட்டுக்கு ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. சுரத்தைப் பிடித்து வளைக்கும் பிட்ச் பெண்ட். மெட்டில் கமகமும் சறுக்கலும் வேண்டும் என்றால் இது எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். சுழலும் சக்கரமாக இருப்பது கைக்கு அடங்கும். சில சின்னக் கருவிகளில் குட்டி ஜாய்ஸ்டிக், சிலவற்றில் தடவும் பட்டை. தொட்டுப் பார்த்து வாங்காவிட்டால் பின்னால் எரிச்சல்தான். மிடி இந்த ஒரு விஷயத்துக்கு 16,384 படிகள் கொடுத்திருக்கிறது, எனவே வளைவு படிப்படியாகக் கேட்குமோ என்று பயப்பட வேண்டாம். மென்பொருளில் வளைவின் எல்லை வழக்கமாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் என்று இருக்கும். தேவைக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளலாம். தட்டும் பேட், திருகும் நாப், நகர்த்தும் ஸ்லைடர் எல்லாம் ஆரம்பத்தில் அலங்காரம். அதைவிட, மிதித்தால் சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெய்ன் பெடல் ஒன்று வாங்குங்கள். பெடல் மிதித்தால் நிற்கிறது, எடுத்தால் இழுக்கிறது என்று தலைகீழாக நடந்தால் பயப்படாதீர்கள்: கீபோர்டை ஆன் செய்யும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருந்ததோ அதையே 'மிதிக்காத நிலை' என்று பல கருவிகள் எடுத்துக்கொள்ளும். காலை எடுத்துவிட்டு ஆஃப் செய்து ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்பீக்கர் வைத்த கீபோர்டை வாங்குகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் யுஎஸ்பி வழியாக ஒலியும் போகும் என்று நினைத்துக்கொள்வார்கள். பல மாடல்களில் மிடித் தகவல் மட்டும்தான் போகும்; உள்ளே இருக்கும் அந்த நல்ல வீணை ஒலியையோ ரிதத்தையோ பதிய, ஹெட்ஃபோன் துளையிலிருந்து கேபிள் இழுத்து இன்டர்ஃபேஸில் செருக வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு முனையிலும் ஸ்டீரியோ ஜாக் உள்ள கேபிளை எடுத்து, ஹெட்ஃபோன் துளையிலிருந்து இன்டர்ஃபேஸின் ஒரே ஒரு பேலன்ஸ்டு உள்ளீட்டில் (இரு கம்பிகளில் வருவதன் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் துளை) குத்தினால், அந்த உள்ளீடு இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்தைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது, அதாவது நடுவில் கேட்க வேண்டிய பேஸும் முக்கிய ஒலியும், காணாமல் போய் ஓரத்து ரிவெர்ப் (எதிரொலி) மட்டும் குடைந்த குரலில் கேட்கும். கருவி பழுது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரு ஸ்டீரியோ ஜாக் இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிளை வாங்கி, இரண்டு உள்ளீடுகளில் தனித்தனியாகச் செருகினால் தீர்ந்தது.

கன்ட்ரோலர் வாங்கும் முன் லேப்டாப்பைச் சோதித்துவிடுங்கள், காசு செலவில்லை. ரீப்பர் என்ற மென்பொருளை 60 நாள் மதிப்பீட்டுக் காலத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதில் கணினியின் எழுத்துப் பலகையையே மிடி கீபோர்டாக வைத்து வாசிக்க முடியும். இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு பியானோவை அதில் ஏற்றி வாசித்துப் பாருங்கள். அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் இழுவை தெரிந்தால் அதுதான் லேட்டன்சி. விண்டோஸின் சாதாரண ஒலி அமைப்பில் இது நிறையவே இருக்கும். ஆசியோ (ASIO) வகை டிரைவர், அதாவது ஒலிக் கருவியோடு மென்பொருள் நேராகப் பேச வழிசெய்வது, போட்டால் குறையும். கணக்கு இதுதான்: 44,100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலியின் துணுக்குகள்) பதியும்போது பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் அளவு, 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட், 256 என்றால் 6, 512 என்றால் 12, 1024 என்றால் 23. இதற்கு மேல் கருவியின் சொந்தத் தாமதமும் சேரும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, எனவே 10 மில்லிசெகண்ட் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதற்குச் சமம். அதுவரை பலர் சமாளித்துவிடுவார்கள். அதற்கு மேல் போனால் தாளம் கையில் நிற்காது. எந்த எண்ணில் உறுத்த ஆரம்பிக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். புளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் இந்த வேலையில் தொடவே தொடாதீர்கள். அதன் தாமதம் வேறு வகுப்பு.

இனி மைக். இங்கேதான் அதிகக் கட்டுக்கதை. "டைனமிக் மைக் அறைச் சத்தத்தை எடுக்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் எடுக்கும்" என்று எங்கும் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. டைனமிக் மைக்கின் வெளியீடு பலவீனமானது, அதனால் கெயினை (ஒலியைப் பெருக்கும் குமிழ்) அதிகம் திருப்ப வேண்டும்; திருப்பும்போது குரலோடு அறையும் சேர்ந்தே உயரும். இரண்டும் ஒரே திசைப்பாங்கு (எந்தப் பக்கத்து ஒலியைப் பிடிக்கும் என்ற குணம்) உள்ளவையாக இருந்து, வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரலின் அளவையும் சமமாக்கினால், அறையின் பங்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்டென்சர் மேல் அதிர்வெண்களைக் கூடுதல் துல்லியத்தோடு பிடிப்பதால் மூச்சும் ஃபேனின் சீறலும் சற்று முன்னால் கேட்கும். வித்தியாசம் அந்த அளவோடு சரி. பிறகு ஏன் அந்தப் பேச்சு? டைனமிக்கை எல்லோரும் உதட்டருகே வைத்துப் பாடுகிறார்கள், கண்டென்சரைத் தள்ளி வைத்துப் பாடுகிறார்கள். வேலையைச் செய்வது தூரம்.

தூரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், மைக் பற்றித் தெரிய வேண்டியதில் பெரிய விஷயம் அதுதான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். சுவரில் பட்டுத் திரும்பி அறை முழுக்கச் சுழலும் எதிரொலி மட்டும் மைக் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 10 சென்டிமீட்டரில் பாடிக்கொண்டிருந்தவர் 40 சென்டிமீட்டருக்கு நகர்ந்தால் இரண்டு இரட்டிப்பு, 12 டெசிபெல் போச்சு. அந்த 12 டெசிபெல்லை மென்பொருளில் ஏற்றினால் எதிரொலியும் 12 டெசிபெல் ஏறி வந்து முன்னால் நிற்கும். பிற்பாடு எந்த விலை உயர்ந்த பிளக்கினாலும் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) அதை முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பேச்சில் நன்றாக உதவுகின்றன, ஆனால் இழுத்துப் பாடும் சங்கதியின் நுனிகளை அவை தின்றுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ரொம்பவும் நெருங்கினால் அடிக்குரல் வீங்கும், முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் பிடிக்கும் கார்டியாய்ட் மைக் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்தக் குணம் உண்டு. ஒரு கை அகலம், விரல்களை மூடி வைத்தால் சுமார் 8 முதல் 10 சென்டிமீட்டர், அங்கிருந்து தொடங்குங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, முகப்பு மட்டும் வாயைப் பார்க்கும்படி திருப்புங்கள். ப, ட போன்ற எழுத்துகளில் வெடிக்கும் காற்று மைக்கின் ஓரமாகப் போய்விடும். மைக்குக்கு முன் மாட்டும் வலைத் திரையான பாப் ஃபில்டரும் வேண்டும். ஆனால் இந்தக் கோணம்தான் பாதி வேலையைச் செய்யும்.

உங்கள் அறையைப் பற்றி இரண்டு சோதனைகள் செய்யுங்கள். நடு அறையில் நின்று ஒரே ஒரு தடவை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டியதும் 'டங்' என்று உலோகம் போல ஒரு வால் கேட்டால் அறை மொட்டையாக இருக்கிறது. அடுத்து, ஃபோனில் ஃபேன் ஓட அரை நிமிடம், ஃபேனை நிறுத்தி அரை நிமிடம் பதிந்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். காதுக்குப் பழகிப்போன ஃப்ரிட்ஜ், டியூப்லைட்டின் ரீங்காரம், தெரு எல்லாம் அதில் வந்து நிற்கும். ஃபோன் தானாகச் சத்தத்தைக் குறைக்கும் வேலையைச் செய்யும் என்பதால் அது காட்டும் அளவை நம்ப வேண்டாம், என்னென்ன சத்தம் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வால் கேட்கிறது, வெளிச்சத்தமும் வருகிறது என்றால் எதிரே உட்கார்ந்து கேட்கும் எவருக்கும் நான் சொல்வது டைனமிக் மைக்தான். நெருக்கமாகப் பாடப் பழகுங்கள். ஷூர் எஸ்எம்58 1966-இல் வந்தது, இன்றும் மேடையில் அதுதான் நிற்கிறது, வீட்டிலும் நிற்கும். உறுதியாகப் பிழைக்கும் மைக் என்பதைத் தாண்டி, பதிவில் அதன் மேல் அதிர்வெண்கள் கொஞ்சம் மங்கல், ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் வசதி) சற்று ஏற்ற வேண்டிவரும். பாட்காஸ்ட் வீடியோக்களில் எல்லோர் முகத்துக்கு முன்பும் தொங்கும் எஸ்எம்7பியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அருமையான மைக், மறுக்கவில்லை. ஆனால் அதன் வெளியீடு மிகச் சன்னம், பேச்சுக்கே சுமார் 60 டெசிபெல் கெயின் வேண்டும். ஆரம்ப நிலை இன்டர்ஃபேஸ் பலவற்றில் அது குமிழின் எல்லைக்கே போய், அங்கே இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல் கேட்கத் தொடங்கிவிடும்.

அறையில் மெத்தை, துணி அலமாரி, கனத்த திரை எல்லாம் இருந்து, கைதட்டல் சப்பென்று அடங்குகிறது, இரவில் ஊர் அடங்கியபின் அமைதி கிடைக்கிறது என்றால் கண்டென்சரை எடுங்கள். மென்மையாகப் பாடுகிறவருக்கு அதன் பலன் நன்றாகத் தெரியும். ஆடியோ டெக்னிகா ஏடி2020 போன்ற ஆரம்ப மைக்குகள் போதும். விவரக் குறிப்பில் செல்ஃப் நாய்ஸ் என்று ஓர் எண் இருக்கும், மைக் தானாக எழுப்பும் இரைச்சல் அது. ஏடி2020-க்கு 20 டெசிபெல், ரோடு என்டி1-க்கு 5-க்கும் கீழே. படிக்க மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் போலத் தெரியும். வீட்டு அறையின் சொந்தச் சத்தமே பெரும்பாலும் 25, 30 டெசிபெல்லைத் தாண்டும் என்பதால், நெருங்கிப் பாடும் குரலில் அந்த வித்தியாசம் மறைந்துபோகும். முணுமுணுப்பாகப் பாடுவதற்கும், தள்ளி வைத்து வீணை போன்ற மெல்லிய வாத்தியம் பதிவதற்கும்தான் அது கணக்கில் வரும்.

கண்டென்சருக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) வேண்டும், இன்டர்ஃபேஸில் ஒரு பட்டனாக இருக்கும். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், இணையத்தில் ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், கேபிள் எல்லாம் சேர்த்து ஒரு பொட்டலமாக விற்கும் மலிவு 'ஸ்டுடியோ மைக்'குகளில் பலவற்றோடு ஒரு முனை எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி கொண்ட மைக் செருகி), மறுமுனை 3.5 மில்லிமீட்டர் ஜாக் உள்ள கேபிள்தான் வரும். லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் சில வோல்ட்தான் கிடைக்கும். சத்தம் வரும், ஆனால் சோகையாக, சீறலோடு வரும். பார்க்கப் பெரிய ஸ்டுடியோ மைக், கேட்க ஹெட்செட் மைக். அந்தப் பொட்டலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எதிரொலியைக் குறைக்க ஃபோம் வாங்கி ஒட்டலாமா என்றும் யாராவது சொல்லியிருப்பார்கள். முட்டை அட்டையை மறந்துவிடுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள மெல்லிய ஃபோம், அதன் கனம் அலைநீளத்தில் கால் பங்கு ஆகும் 3,400 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் முழுசாக வேலை செய்யும். குரலின் உடம்பு இருக்கும் 100 முதல் 300 ஹெர்ட்ஸில் அது ஒன்றும் செய்யாது. சுவர் முழுக்க ஒட்டினால் அறை பளபளப்பை இழந்து, அடியில் மட்டும் பீப்பாய் போல முழங்கும். வெளிச்சத்தத்தைத் தடுப்பதிலோ எந்த ஃபோமுக்கும் பங்கில்லை, அது கனமான சுவரின் வேலை. செய்ய வேண்டியது இது: கார்டியாய்ட் மைக் தன் முதுகுப் பக்கம் செவிடு, முன்பக்கம் காது. அதன் முன்னால் இருப்பது நீங்கள், உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர். எனவே மெத்தையையோ தடித்த ரஜாயையோ மைக்குக்குப் பின்னால் வைப்பதைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவது பலன் தரும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினாலும் அதே பலன். மேசை மேல் குனிந்து பாடாதீர்கள். மேசைப் பரப்பில் பட்டு வரும் ஒலி ஒரு நூலிழை தாமதமாக வந்து குரலை மூக்கடைத்ததுபோல ஆக்கிவிடும்.

யுஎஸ்பி மைக்கா, இன்டர்ஃபேஸா. தனியாகப் பாடிப் பதிவது மட்டும்தான் என்றால் யுஎஸ்பி மைக் போதும். ஆனால் நீங்கள் கீபோர்டின் ஒலியையும் பதியப்போகிறீர்கள் என்றால், அல்லது நாளைக்கு ஒரு கிடாரோ இரண்டாவது பாடகரோ வருவார் என்றால், இரண்டு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ்தான் வழி. விண்டோஸில் பதிவு மென்பொருள்கள் வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரே ஆசியோ கருவியோடுதான் பேசும். யுஎஸ்பி மைக்கையும் வேறொரு கருவியையும் சேர்த்து ஓட்ட முயல்வது தேவையில்லாத தலைவலி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி ஒன்று, அல்லது அதற்கு ஈடான வேறு நிறுவனத்தின் இரண்டு உள்ளீட்டுக் கருவி எதுவும் சரி. இந்த விலைத் தட்டில் இன்றைக்கு விற்கும் பெயர் பெற்ற இன்டர்ஃபேஸ்களுக்குள் ஒலித் தர வித்தியாசம், உங்கள் அறைக்கும் என் அறைக்கும் உள்ள வித்தியாசத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது என்பது என் கணிப்பு. பண முடையாக இருந்தால் நடுவழி ஒன்றும் உண்டு: சாம்சன் க்யூ2யூ போன்ற டைனமிக் மைக்குகளில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு துளையும் இருக்கின்றன. இப்போது யுஎஸ்பியில் நேராக லேப்டாப்பில் போடுங்கள், பின்னால் இன்டர்ஃபேஸ் வாங்கும்போது அதே மைக்கை எக்ஸ்எல்ஆரில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் டைரக்ட் மானிட்டர் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பாடும்போது உங்கள் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வர வேண்டும். இல்லையென்றால் லேப்டாப் பின்தங்கும் ஒவ்வொரு முறையும் சுருதியும் சேர்ந்து ஆட்டம் காணும். ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடும் வகையாக, வயர் உள்ளதாக இருக்கட்டும். திறந்த வகையில் பின்னணி இசையின் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். பட்ஜெட் போடும்போது ஹெட்ஃபோன், ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள், பாப் ஃபில்டர் நான்கையும் முதலிலேயே எழுதிக் கழித்துவிட்டு மீதியில் மைக் பாருங்கள். ஆட்டம் காணும் ஸ்டாண்டில் நல்ல மைக்கை மாட்டி வைத்திருப்பவர்கள் அநேகம்.

பதியும்போது 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ். 96 கிலோஹெர்ட்ஸ் உங்களுக்கு வேண்டாம், லேப்டாப்புக்குத்தான் சுமை. பாட்டிலேயே உரத்த வரியைப் பாடிக்கொண்டே கெயினைத் திருப்பி, மீட்டர் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். 16 பிட் காலத்தில் மீட்டரைச் சிவப்புக்குப் பக்கத்தில் ஓட்டினார்கள். 24 பிட்டுக்கு ஏட்டளவில் 144 டெசிபெல் இடைவெளி இருப்பதால் அந்த அவசியம் போய்விட்டது. உணர்ச்சி வேகத்தில் ஒரு வரி கூடினாலும் உடையாது.

பழையதாக வாங்கலாமா என்றால், கீபோர்டை நம்பி வாங்கலாம், மைக்கில் எச்சரிக்கை வேண்டும். கீபோர்டு என்றால் எல்லாக் கட்டைகளையும் கீழிருந்து மேல்வரை மெல்லத் தொட்டுக்கொண்டே போங்கள், எங்காவது ஒன்று மட்டும் கத்தினாலோ ஊமையானாலோ வேண்டாம். வளைவுச் சக்கரத்தை விட்டதும் சுருதி சரியாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். எஸ்எம்58-க்கோ உலகம் முழுக்கப் போலி உண்டு. அசலின் எடை 298 கிராம். எடை பொருந்தவில்லை என்றால் விலகிவிடுங்கள், பொருந்தினாலும் அதையே சாட்சியாக எடுக்காமல் தெரிந்த அசல் ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள்.

எந்த மைக் உங்கள் குரலுக்குப் பொருந்தும் என்பதை மட்டும் எழுத்தில் யாரும் சொல்ல முடியாது, நானும்தான். மூக்கொலி தூக்கலான குரலுக்கு ஒரு மைக் கசக்கும், அதே மைக் அடிக்குரல் கனத்தவருக்குத் தெளிவு தரும். கடையிலோ நண்பர் வீட்டிலோ இரண்டு மைக் கிடைத்தால், இரண்டிலும் ஒரே பல்லவியை ஒரே தூரத்தில் பாடிப் பதிந்துகொள்ளுங்கள். கேட்பதற்கு முன் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குங்கள்; ஒன்று ஓரிரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'நல்ல மைக்' என்று சொல்லும். சமமாக்கிய பிறகு, எது எது என்று தெரியாதபடி வேறொருவரை ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு வாருங்கள்.